சிவப்புக் கொடிக்குப் பிறகு: நீளம் தாண்டும் ஒரு மாணவியின் பயிற்சிக் கோபம் – நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ படிக்கும் பதினேழு வயது மாணவி. நீளம் தாண்டுதல் அவளுடைய போட்டி. கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையில் ஒரு பள்ளி மைதானத்தில் வாரத்துக்கு ஆறு நாள், மாலையில் பயிற்சி. அவளைப் பற்றி என்னிடம் பேசிய பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளைக்கு நல்ல சாட்டம் உண்டு மேடம். கோவம் வந்தா எல்லாம் போச்சு. அதை மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்க.” (எங்கள் பக்கத்தில் சாடுவது என்றால் தாண்டுவது.)

நான் உடற்கல்வியும் விளையாட்டு உளவியலும் படித்தவள். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பயிற்சியாளர்கள் கூப்பிடும்போது போய் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன். இப்படி ஒரு வேண்டுகோள் அடிக்கடி வரும். கோபம் என்றால் அது பிள்ளையின் குணம், குணத்தை உளவியல் படித்தவர் மாற்றித் தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கும். பயிற்சியில் வரும் கோபத்தை நான் முதலில் ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொள்வேன். எங்கோ ஏதோ பொருந்தாமல் இருக்கிறது என்று உடம்பு சொல்லும் தகவல். அதைப் படித்துப் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் என்பது இந்த மாணவியின் விஷயத்தில் நன்றாகத் தெரிந்ததால் இதை முழுதாக எழுதுகிறேன். அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மைதானத்தில் பார்த்தது

அவளுடைய சிறந்த தாண்டல் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. பதினாறு ஸ்டெப் ரன்-அப். வேகம் இருக்கிறது, ஓடிவந்து கால் ஊன்றும் பலகையிலிருந்து எழும்பும்போது இடுப்பு நன்றாக உயர்கிறது. பயிற்சியாளர் தன் கைக்காசில் அவளுக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர். அவர் கவலையில் பொய் இல்லை.

பிரச்சினை ஃபவுல். நீளம் தாண்டுதலில் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். குழிப்பக்கத்து விளிம்புதான் கோடு. 2021 நவம்பரிலிருந்து உலகத் தடகள விதி இன்னும் கடுமையாகிவிட்டது: கோட்டுக்கு நேர் மேலே செங்குத்தாக ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டால், கால் தரையை விட்டு எழும்பும்போது காலணியின் நுனி அந்தச் சுவரைத் தாண்டினாலே சிவப்புக் கொடி. ஓட்டப்பந்தயத்தில் மெதுவாக ஓடினாலும் ஒரு நேரம் கிடைக்கும். நீளம் தாண்டுதலில் ஆறு மீட்டர் தாண்டியிருந்தாலும் கோட்டை ஒரு சென்டிமீட்டர் மீறியிருந்தால் கையில் ஒன்றும் இல்லை. விளையாட்டுகளில் இவ்வளவு முழுதாக உழைப்பைப் பறித்துக்கொள்ளும் விதி குறைவு. இதைப் பழகும் பிள்ளைகளுக்குக் கோபம் வருவது இயல்பு என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாணவிக்கு ஆனி பிறந்ததிலிருந்து பாதிக்கு மேல் ஃபவுல். முதல் ஃபவுலுக்குத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவாள். இரண்டாவதுக்குக் குழி மணலைக் காலால் எற்றுவாள். மூன்றாவதுக்குத் தொடையில் முஷ்டியால் அடித்துக்கொள்வாள். சில நாள் ஸ்பைக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுவாள். வேறு சில நாள் இதற்கு நேர்மாறு: எல்லாரும் போன பிறகும் “இன்னும் ஒண்ணு சார்” என்று இருட்டும்வரை தாண்டிக்கொண்டே இருப்பாள். இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. கீழ்க்கால் எலும்பின் உள்பக்கம் அழுத்தினால் வலி என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அவளிடம் கேட்டபோது மிகத் தெளிவாகப் பேசினாள். “ஒரு தடவ ஃபவுல் ஆனா பரவாயில்ல அக்கா. ரெண்டாவதுல நெஞ்சு படபடன்னு அடிக்கும். மூணாவது ஓடும்போது எனக்க காலு நான் சொன்னத கேக்காது. பலகை மட்டும்தான் கண்ணுல தெரியும். அதுக்குப் பொறவு எல்லாம் போச்சு.”

“சார் என்ன சொல்லுவாரு?”

“அழாத, அடுத்தத சாடு மக்களேன்னு சொல்லுவாரு. நான் அழ மாட்டேன். ஆனா உள்ள இருக்கும்லா.”

காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் இருக்கும் அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கி, வேகமெடுத்துப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல நிற்பதற்கு அதுதான் காரணம். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் அடிக்கும். ஆடியில் சைக்கிளில் போகிறவர்களைச் சாலையோரம் தள்ளும்.

அந்த மைதானத்தின் ஓட்டப்பாதை மேற்கிலிருந்து கிழக்காக இருக்கிறது. குழி கிழக்குக் கோடியில். அதாவது காற்று முழுவதும் முதுகில். பின்காற்று தாண்டலுக்கு நல்லது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், தூரத்தைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அதனால்தான் வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்தத் தாண்டல் சாதனையாக ஏற்கப்படாது. ஆனால் பின்காற்று ஸ்டெப்பையும் நீட்டுகிறது. ஒரு ஸ்டெப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடினால் பதினாறு ஸ்டெப்பில் 32 சென்டிமீட்டர். பலகையே 20 சென்டிமீட்டர்தான். மாசி, பங்குனியில் அளந்து குறித்த தொடக்கக் குறியிலிருந்து ஆனி மாத மாலையில் ஓடினால் அவள் கால் கோட்டைத் தாண்டித்தான் விழும். அதில் அவள் மனத்தின் குற்றம் எதுவும் இல்லை.

பயிற்சியாளர் இதைக் கவனிக்காமல் இல்லை. ஃபவுல் விழுந்ததும் குறியைப் பின்னால் தள்ளுவார். ஆனால் கணவாய்க் காற்று ஒரே சீராக அடிக்காது. ஓங்கி அடிக்கும், சட்டென்று ஓய்ந்துவிடும், மறுபடி அடிக்கும். குறியைத் தள்ளிய அடுத்த ஓட்டத்தில் காற்று ஓய்ந்திருந்தால் பலகைக்கு எட்டாமல் அரை அடி முன்னாலேயே கால் விழும். அப்புறம் குறி முன்னால் வரும், காற்றும் திரும்ப வரும். அந்தப் பிள்ளையின் பார்வையில் யோசித்துப் பாருங்கள்: என்ன செய்தாலும் தவறு. தான் செய்வதற்கும் விளைவுக்கும் சம்பந்தமே இல்லாமல் போவதைவிட மனிதரைச் சீக்கிரம் களைக்க வைப்பது வேறொன்றும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1982இல் டேவிட் லீயும் அவருடன் லிஷ்மன், தாம்சன் ஆகியோரும் நீளம் தாண்டும் வீரர்களின் ஒவ்வொரு காலடியையும் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். தேர்ந்த வீரர்கள்கூட ரன்-அப்பை இயந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப ஒரே அளவில் ஓடுவதில்லை. சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசிச் சில ஸ்டெப்புகளில் கண் பலகையைப் பார்த்து, கால் தானாக நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்கிறது. இது யோசித்துச் செய்யும் வேலை இல்லை. 1992இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பந்தைத் தட்டக் கற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. விதிகளை ஒவ்வொன்றாக மனத்தில் வைத்துக் கற்றவர்கள், நெருக்கடி வந்ததும் அப்படி விதி இல்லாமல் பழகியவர்கள் அளவுக்கு முன்னேறவில்லை.

மூன்றாவது ஓட்டத்தில் “பலகை மட்டும்தான் தெரியும்” என்று அவள் சொன்னது இதைத்தான். கோபமும் பயமும் ஏறியதும் தானாக நடக்கவேண்டிய சரிசெய்தலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டாள். கடைசி நாலு ஸ்டெப்பைக் குறுக்கிக் குறுக்கி வைத்தாள். வேகம் போயிற்று, ஃபவுலும் நிற்கவில்லை. காற்று தொடங்கி வைத்ததைக் கோபம் முடித்து வைத்தது.

தூக்கம்

காற்றை மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அதே காற்றில் அதே மைதானத்தில் மற்றப் பிள்ளைகளும் ஃபவுல் ஆனார்கள். எல்லாரும் தொடையில் அடித்துக்கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு குறிப்பு எழுதச் சொன்னோம்: முந்தின இரவு எத்தனை மணி தூக்கம், காற்று எப்படி, பயிற்சி எவ்வளவு கடினம் (கார்ல் ஃபாஸ்டர் அறிமுகப்படுத்திய, 0 முதல் 10 வரை எண் போடும் எளிய முறை), கோபம் உச்சத்தில் எவ்வளவு, எதற்குப் பிறகு வந்தது.

முதலில் அந்த நோட்டு பயிற்சியாளரிடம் இருந்தது. கோபத்துக்கு நேராக எல்லா நாளும் 2 என்று இருந்தது, ஸ்பைக்ஸ் பறந்த நாளிலும்கூட. சார் வாசிக்கும் நோட்டில் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? அப்புறம் நோட்டை அவளிடமே கொடுத்து, யாருக்கும் காட்ட வேண்டாம், உனக்குத் தோன்றினால் என்னிடம் சொல் என்று விட்டோம். அதற்குப் பிறகு எண்கள் உயிர் பெற்றன. 8, 9, 3, 9.

சில வாரக் குறிப்புகளை வைத்துப் பார்த்தபோது கோபம் ஃபவுலின் எண்ணிக்கையைப் பின்தொடரவில்லை. நாலு ஃபவுல் விழுந்த நாளில் 3 இருந்தது, இரண்டே ஃபவுல் விழுந்த நாளில் 9. தூக்கத்தின் கட்டத்தோடு வைத்துப் பார்த்ததும் விஷயம் துலங்கியது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கிய நாட்களில்தான் 8, 9 எல்லாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் எண்கள் ஏறின. பல பெண்களுக்கு அந்த நாட்களில் எரிச்சலும் களைப்பும் கூடுவதுண்டு. ஆண் பயிற்சியாளரிடம் சொல்ல முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் ‘மூட் சரியில்ல’ என்ற பெயரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒவ்வொரு மைதானத்திலும் பிள்ளைகள் நம்பிப் பேச ஒரு பெண் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

தூக்கம் ஏன் குறைந்தது என்பதற்குத் தோவாளையில் பிறந்தவர்களிடம் விளக்கம் தேவையில்லை. அவள் அம்மா பூக்கட்டுகிறவர். பிச்சிப்பூ விடியும்முன் சந்தைக்குப் போகவேண்டும். மூன்று மணிக்கு வீடு விழித்துவிடும். மூத்த பெண் மட்டும் போர்த்திக்கொண்டு படுத்திருக்க முடியுமா? அம்மாவோடு உட்கார்ந்து சரம் கட்டிவிட்டு, பள்ளிக்கூடம் போய்விட்டு, மாலையில் மைதானத்துக்கு வருகிறாள். ராத்திரி பத்தரை வரை படிப்பு. ஆவணியில் ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் கிரேந்தியும் வாடாமல்லியும் லோடு லோடாக இறங்கும். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை. இவள் அதில் பாதியைத் தூங்கிக்கொண்டு வேகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். தூக்கம் குறைந்த மூளை, சாதாரணத் தடங்கலைப் பெரிய இழப்பாக எடுத்துக்கொள்ளும். அதை நாம் குணம் என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம்.

ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10க்குச் சற்று மேல். அந்த வயதில் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. அவள் தனி ஆளும் இல்லை: 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று தூக்கிப் போட்டிருக்கிறாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொண்டாள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் தேயிலை குடிப்பதை நிறுத்தி, அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொண்டாள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு உதவும்.

வீட்டில் பேசியது

இந்தக் கட்டத்தில் ‘பிள்ளையை வேலைக்கு எழுப்பாதீர்கள்’ என்று அறிவுரை சொல்லிவிட்டு வருவது சுலபம். அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஓணம் வந்தா எங்களுக்கு ராவும் பகலும் ஒண்ணுதான் மேடம். அந்தப் பத்து நாள் துட்டுலதான் வருசத்துக்குள்ள கடன் அடையும். அவ கை வேகமான கை.” அதில் பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. மகளின் ஓட்டத்தைப் பார்க்க ஒரு தடவை மைதானத்துக்கு வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனவர் அவர்.

குடும்பத்தின் வருமானத்தோடு மோதும் எந்தப் பயிற்சித் திட்டமும் நிலைக்காது. மோதவும் கூடாது. அதனால் மாற்றத்தைப் பயிற்சிப் பக்கத்தில் செய்தோம். சாதாரண வாரங்களில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளுக்கு முந்தைய இரவு அவளுக்குப் பூ வேலை இல்லை, ஒன்பதரைக்குப் படுக்கை. அம்மா ஒத்துக்கொண்டார், தம்பி அந்த நாட்களில் உட்கார்ந்தான். முழு வேகத் தாண்டல் அந்த மூன்று நாளில் மட்டும். மற்ற நாட்களில் லேசான பயிற்சி. ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் பலகைப் பக்கமே போகவேண்டாம், ஸ்ட்ரெச்சிங், நடை, கொஞ்சம் தொங்கோட்டம், முடிந்தால் பகலில் தூக்கம். பயிற்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. மாவட்டப் போட்டிக்கு அதிக நாள் இல்லாத சமயத்தில் பத்து நாளை விடுவதா என்றார். தூங்காத பத்து நாளில் அவள் கற்றுக்கொள்ளப் போவது கோபத்தை மட்டும்தான் என்று நோட்டை அவள் சம்மதத்தோடு காட்டினேன். சரி என்றார்.

அடக்குவதும் கொட்டுவதும்

கோபத்தைப் பற்றி மைதானங்களில் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. முகத்தில் காட்டாதே, உள்ளே வை என்பது ஒன்று. வெளியே கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே இவளிடம் இருந்தன.

முதலாவதைப் பற்றி ஜேம்ஸ் கிராஸ் 1998இல் செய்த ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கியவர்களின் முகம் மாறியது, உள்ளே உணர்ந்தது குறையவில்லை, உடம்பின் கிளர்ச்சி கூடியது. நடப்பதை வேறு கண்ணால் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு உணர்வே தணிந்தது. பதினாறு ஸ்டெப் ஓடவேண்டிய பிள்ளைக்கு அடக்குவதால் வரும் அந்தக் கூடுதல் படபடப்பு நேராகக் காலுக்குத்தான் போகும். இரண்டாவது நம்பிக்கையை பிராட் புஷ்மன் 2002இல் சோதித்தார். தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. மணலை எற்றுவதும் தொடையில் அடிப்பதும் அதே வகைதான். தொடையில் அடிப்பது அடுத்த தாண்டலுக்கு வேண்டிய தசையைத் தானே காயப்படுத்துவதும்கூட.

எனவே அடக்கவும் சொல்லவில்லை, கொட்டவும் சொல்லவில்லை. கோபத்துக்கு ஓர் இடமும் ஒரு வேலையும் கொடுத்தோம்.

குழியிலிருந்து எழுந்து வெளியே வந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டி முடிக்கும்வரை அவள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். முகம் சுளிக்கலாம், “சே” என்று கத்தலாம். யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது, பயிற்சியாளர் உட்பட. மணல் தட்டி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: காற்று இருந்ததா, இல்லையா? பதிலைப் பயிற்சியாளரிடம் சத்தமாகச் சொல்லவேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருந்தது. ‘நான் ஏன் இப்படி’ என்று போய்க்கொண்டிருந்த எண்ணத்தை ‘என்ன நடந்தது’ என்ற பக்கம் அது திருப்பியது. அப்புறம் குறிக்கு நடக்கும் வழியில் மூச்சு: மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் வாயால் விடுவது, நாலைந்து தடவை. நீளமான வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். போட்டியில் பெயர் கூப்பிட்டதிலிருந்து ஓடத் தொடங்க ஒரு நிமிடம் உண்டு. இவ்வளவுக்கும் அது தாராளம்.

காற்றுக்குத் தனியாக வழி செய்தோம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கம்பில் ரிப்பன் கட்டினோம். ஓய்ந்த காற்றுக்கு ஒரு குறி, ஓங்கிய காற்றுக்கு அதற்கு ஒன்றரைப் பாதம் பின்னால் இன்னொரு குறி. இரண்டும் பல நாள் அளந்து, சராசரி பார்த்து வைத்தவை. ரிப்பனைப் பார்த்து எந்தக் குறி என்று அவளே முடிவு செய்வாள். நடுவில் குறியை யாரும் நகர்த்தக்கூடாது. இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது என்று அவளே சொல்கிறாள். முன்பு ஃபவுலுக்குக் காரணம் அவள். இப்போது ஒரு தேர்வு இருந்தது, தேர்வு தவறினால் அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தடுத்து இரண்டு ஃபவுல் விழுந்தால் பலகையை விட்டு விலகவேண்டும் என்றும் ஒரு விதி வைத்தோம். ஓட்டப்பாதைக்கு வெளியே, பலகை இல்லாத தரையில், இரண்டு தடவை ரன்-அப் மட்டும் முழு வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பி வரவேண்டும். மூன்றாவது ஃபவுலில்தான் அவள் உடைகிறாள் என்று நோட்டு சொல்லியிருந்தது. அந்த மூன்றாவதைக் கோபத்தோடு சந்திக்க விடாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு நாளுக்கு முழு ஓட்டத் தாண்டல்களுக்கு உச்சவரம்பும் உண்டு. “இன்னும் ஒண்ணு சார்” கிடையாது. கால் எலும்பு வலி சில வாரங்களில் தணிந்தது.

எல்லாம் பலிக்கவில்லை. படுக்கையில் கண்ணை மூடி நல்ல தாண்டலை மனக்கண்ணில் பார்க்கும் பயிற்சியைக் கொடுத்தபோது அவளுக்கு ஃபவுல்தான் திரும்பத் திரும்ப வந்தது, தூக்கமும் கெட்டது. உடனே விட்டுவிட்டோம். பலருக்கு உதவும் ஒரு முறை எல்லாருக்கும் உதவவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடைசியாக ஒன்று சேர்த்தோம், இது பயிற்சியாளரின் யோசனை. சில நாள், நல்ல தாண்டலுக்கும் வேண்டுமென்றே சிவப்புக் கொடி காட்டுவார். அவளுக்கு இப்படி நடக்கும் என்று முன்பே தெரியும், எந்தத் தாண்டலில் என்று தெரியாது. நியாயமில்லாத முடிவு ஒன்றை வாங்கிக்கொண்டு மணலைத் தட்டி, காற்றைச் சொல்லி, குறிக்கு நடக்கப் பழகவேண்டும். முதல் தடவை அழுதுவிட்டாள். பிறகு பழகிற்று. அமைதியான மனநிலையில் பழகியது அமைதியில்தான் கைகொடுக்கும். கோபத்தில் கைகொடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கோபத்தோடேயே பழகவேண்டும்.

பெரிய வீரர்களுக்கும் இது நடக்கிறது என்பதையும் அவளோடு பேசினேன். தூத்துக்குடி மாவட்டத்தில் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அவருக்கு முதல் இரண்டும் ஃபவுல், மூன்றாவதில் 7.61 மீட்டர், அதோடு வெளியே. “எட்டு நாப்பத்திரண்டு சாடுனவருக்கா?” என்று நம்பாமல் கேட்டாள். அன்றைக்கு அவள் வேறு எதுவும் பேசவில்லை. ஃபவுல் தன்னுடைய தனிக் குறை என்ற எண்ணம் அப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாவட்டப் போட்டி

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம். அவளுக்குப் பழக்கமில்லாத ஓட்டப்பாதை. முதல் தாண்டல் ஃபவுல். மணலைத் தட்டினாள், பயிற்சியாளர் இருந்த பக்கம் திரும்பி “காத்து இல்ல” என்றாள். இரண்டாவதும் ஃபவுல், ஒரு விரற்கடை. முதல் மூன்று தாண்டல்களில் எட்டு பேருக்குள் வந்தால்தான் மேலும் மூன்று வாய்ப்பு. முன்பு அவள் உடைந்துபோகும் இடம் இதுதான்.

அவள் தன் குறியை ஒரு பாதம் பின்னால் வைத்தாள். பலகையில் கால் முழுதாக விழாமல் போகலாம், தூரம் குறையும், அது பரவாயில்லை என்று அவளே எடுத்த முடிவு, யாரும் சொல்லவில்லை. வெள்ளைக் கொடி. எட்டுக்குள் வந்தாள். ஐந்தாவது தாண்டலில் தன் சிறந்த தூரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்து நான்காவது இடம் பிடித்தாள்.

அடுத்த கட்டத்துக்கு அந்த இடம் போதவில்லை. முடிவு வந்ததும் பையை உதறி எறிந்துவிட்டுப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் குணப்படுத்த வேண்டியது எதுவும் இல்லை. தோற்றால் வருத்தம் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தாள்.

மற்றப் பயிற்சியாளர்களுக்கு

இந்த மாணவியின் கோபம் மைதானத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் விடை கிடைத்த கோபம். எல்லாம் அப்படி இருக்காது. தன்னையே காயப்படுத்திக்கொள்வது கூடிக்கொண்டே போனால், மைதானத்துக்கு வெளியேயும் எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், நேரம் கிடைத்தும் தூங்க முடியாவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், காத்திருக்கக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இவள் தொடையில் அடித்துக்கொண்டதை முதல் நாளே நான் இந்தக் கண்ணோடுதான் விசாரித்தேன். மைதானத்துக்கு வெளியே அது இல்லை, ஃபவுல் குறைந்ததும் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்தில் கால்பந்து ஆடும் பிள்ளைகளோடு வேலை செய்யும் நண்பர்களிடமும் இதைப் பேசியிருக்கிறேன். அங்கே காற்றும் பூவும் இல்லை. அப்பா ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்காகத் திரும்பாமல் இருப்பார். 2017 நவம்பரில் வந்த ஒக்கி புயலில், கடலுக்குப் போனவரை இழந்த வீடுகள் அந்தக் கரையில் எத்தனையோ. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் ஒரு பையன் பயிற்சியில் சண்டை பிடித்தால், முதலில் அவன் அப்பா எந்தப் படகில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

அந்த மாணவிக்கு இப்போது ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டிருக்கிறது. மாத்திரையை இன்னும் சில மாதம் தொடரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோபம் இன்னும் வருகிறது; நோட்டில் 6, 7 பார்க்கிறேன், 9 அபூர்வம். மும்முறைத் தாண்டுதலுக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்கு விருப்பமில்லை, நானும் அவள் பக்கம். மற்ற ஏழெட்டுப் பிள்ளைகளும் இப்போது ரிப்பன் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். ஓட்டப்பாதையின் மேற்குக் கோடியிலும் ஒரு குழி வெட்டிப் பலகை பதித்துவிட்டால், ஆடியில் எதிர்க்காற்றில் ஓடும் வாய்ப்பும் கிடைக்கும். அதற்கான மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறார்கள். மணலுக்கும் கூலிக்கும் ஆகும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பேசி வருகிறது.